சேர்த்தும் பிரித்தும்

செவ்வாய், வியாழன், மாலை ஏழு மணி.
ஸொங்குல்தாக் நகராட்சிக் கட்டடம், நான்காம் மாடி.
லிஃப்ட் வேலை செய்யாது.
பதினோரு பேர், எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள்.
மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் இருபத்தாறு வயதுக்காரியை
"ஹோஜாம்" என்று அவர்கள் கூப்பிடும்போது
பின்னால் யாரோ நிற்பதாகத் திரும்பிப் பார்ப்பேன்.

கட்டுரைத் தலைப்பு நான் கொடுத்ததுதான்:
'என் வாழ்வில் ஒரு நாள்.'
பஸ்ஸில் வரும்போது யோசித்தது.

ரொட்டிக்கடை முர்வெத் மூன்று பக்கத்தை
ஒரே வாக்கியமாக எழுதியிருந்தார்.
எழுவாய் முதல் வரியில், பயனிலை கடைசி வரியில்,
நடுவே மாமியார், மாவு விலை, உடைந்த அடுப்பு,
மறுபடி மாமியார்.
மூச்சு வாங்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள் என்றேன்.
"மூச்சு வாங்க எனக்கு எங்கே நேரம்?"
வைத்தார்,
மாமியாருக்குப் பின்னால் மட்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஃபெய்யாஸுக்கு
ல-வும் ன-வும் இடம் மாறிவிடும்.
யல்னஸ் என்றால் தனியாக,
யன்லஷ் என்றால் தவறாக.
தனியாக இருக்கிறேன் என்று எழுதவந்து
பக்கம் முழுக்க இரண்டுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார்.
தவறுவதற்கான வினைச்சொல்லில் ன முதலில் வரும்,
அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.
தலையாட்டினார். அடுத்த வாரமும் அதேதான்.

பிறகு துர்முஷ். நாற்பத்தெட்டு வயது. நிலக்கரிச் சுரங்கம்.

எங்கள் மொழியில் இறந்தகாலம் இரண்டு:
கண்ணால் கண்டதற்கு ஒன்று,
காதால் கேட்டதற்கு ஒன்று. இரண்டாவது 'மிஷ்' என்று முடியும்.
அண்ணன்மார் மூவர் தொட்டிலிலேயே போனபின்
பிறந்த பிள்ளைக்கு, சாவின் காதில் விழட்டும் என்று,
'தங்கிவிட்டானாம்' எனப் பெயர் வைத்தார்கள்.
அதுதான் துர்முஷ்.

அவர் எழுதியிருந்தார்:
"காலை ஆறு மணிக்கு இறங்கினேன்.
ஷெவ்கெத் தன் சிமித்தில் பாதியை எனக்குக் கொடுத்தான்.
பதினொன்றரைக்கு வெளியே வந்தேனாம்.
கையை நீட்டினேனாம்.
தண்ணீர் கேட்டேனாம்."

சிவப்புப் பேனா தானாக ஓடியது.
ஓரத்தில் எழுதினேன்: காலங்களைக் கலக்கக் கூடாது.
எந்தக் காலத்தில் தொடங்கினீர்களோ
அதிலேயே பத்தியை முடியுங்கள்.
தான் செய்ததைத் தானே கேள்விப்பட்டதாக
யாரும் சொல்வதில்லை.
மூன்று வினைக்கும் மூன்று வட்டம்.

இடைவேளையில் தாளோடு வந்தார். கோபமெல்லாம் இல்லை,
சில்லறை குறைகிறது என்று
கடைக்காரரிடம் சொல்கிற குரல்தான்.
"அப்போது எனக்கு நினைவில்லை, ஹோஜாம்.
இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.
கேட்டதைக் கேட்டதாகத்தான் எழுதினேன்."

சிவப்பு மைக்கு ரப்பர் கிடையாது.
வட்டங்களை அடித்தேன்.
தாள் இன்னும் அசிங்கமானது.

ஆனாலும் கடைசி வரியில் ஒரு பிழை இருந்தது.
"அவன் விளக்கு பென் தே தங்கிவிட்டது."

பென் தே: பிரித்து எழுதினால் 'நானும்.'
பெந்தே: சேர்த்து எழுதினால் 'என்னிடம்.'
நாட்டில் பாதிப் பேர் சறுக்கும் இடம்.
மருந்துக்கடைப் பலகையில் பார்த்திருக்கிறேன்,
எனக்கு வந்த ஒரே காதல் கடிதத்திலும்.
வைத்தியம் சுலபம். 'தே'-யை எடுத்துவிட்டுப் படியுங்கள்.
வாக்கியம் நின்றால் பிரியுங்கள்,
விழுந்தால் சேருங்கள்.

விரலால் 'தே'-யை மறைத்துக்கொண்டு
சத்தமாகப் படித்தார்:
"அவன் விளக்கு நான் தங்கிவிட்டது."

முர்வெத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விழுகிறது," என்றார் துர்முஷ்.
விழுகிறது என்றேன்.
நகக்கண்ணில் போகாத கரியோடு
எழுத்துகளை நெருக்கி, சேர்த்து எழுதினார்.

அரை மதிப்பெண் குறைத்தேன்.
விட்டிருக்கலாம்தான்.
ஆனால் அந்த விளக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்
சந்தேகம் இருக்கக் கூடாது.